அப்பா அடித்த பெயிண்டைச் சுரண்டிவிட்டேன்

தம்பி,

சனிக்கிழமை நீ கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப்போக வருவாய். கேட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படப்போவது போர்ச்சில் நிற்கும் மோட்டர் சைக்கிள்தான். அதன் எஞ்சின் நீ கடைசியாகப் பார்த்தபடி இல்லை. தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாய், நான் தொட்டுவிட்டேன். தொட்டதோடு விடவில்லை. கழற்றி, கழுவி, அப்பா அடித்த சில்வர் பெயிண்டை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறேன். நீ வாசலில் நின்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கு முன்னால் காரணம் உனக்குத் தெரியவேண்டும். போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே "சரிம்மா, வேலையா இருக்கேன்" என்பாய். எழுதினால் வேலை முடிந்து வந்தாவது படிப்பாய் என்றுதான் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் பெர்மாஸ் ஜெயாவில் யாழினி வீட்டில் சாப்பிட்டோமே, அந்த இரவிலிருந்து தொடங்குகிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் வீட்டில் நான் கை நனைத்தது அதுதான் முதல் தடவை. யாழினியின் அம்மா விழுந்து விழுந்து கவனித்தார். சாப்பாடு முடிந்து டீ வந்தபோது நீ கல்யாண விருந்து எப்படி இருக்கப்போகிறது என்று விளக்க ஆரம்பித்தாய். "மண்டப வாசல்ல எங்கப்பா மோட்டர நிப்பாட்டப் போறேன், ஆன்ட்டி. சின்ன லோரி வச்சு ஏத்திட்டு வரணும். பக்கத்துல அப்பா படம். ஹேண்டல்லேர்ந்து எஞ்சின் வரைக்கும் தொங்குற மாதிரி பெரிய மாலை. அதுல இருக்கிற பெயிண்ட் அப்பா கையால அடிச்சது, அத மட்டும் யாரும் தொடக்கூடாது" என்றாய். சொல்லும்போது உன் குரல் கம்மியது. அதுவரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

யாழினியின் அம்மா என்னைப் பார்த்து, "நீங்களும் அந்தக் காலத்துல மோட்டர் ஓட்டுனீங்களாங்க?" என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சிரித்துவிட்டாய். "அம்மாவா? அம்மாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுலா, ஆன்ட்டி. அப்பாவுக்குப் பின்னால கெட்டியா புடிச்சிக்கிட்டுப் போனவங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சம்பந்தி வீட்டில் மகனின் பேச்சை எப்படி மறுப்பது? ஆனால் வீட்டுக்கு வந்து புடவையைக்கூட மாற்றாமல் போர்ச்சில் அந்த மோட்டர் எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மூக்கு நுனியில் கோபம் ஏறி உட்கார்ந்திருந்தது. கோபம் உன்மேல் பாதி, என்மேல் பாதி.

அது என் மோட்டர், தம்பி. கல்யாணத்துக்கு முன்பே நான் வாங்கியது. பாசிர் கூடாங்கில் கம்பனி வேலைக்குச் சேர்ந்து, சின்ன மின்சார மோட்டார்களுக்கு ஸ்குரூ முடுக்கி, அந்தச் சம்பளத்தில் பழைய கப்சாய் ஒன்றை, கிளட்ச் பிடிக்கத் தேவையில்லாத சின்ன மோட்டரை, வாங்கினேன். மாசாய் பக்கம் அப்போது பெண்கள் கப்சாய் ஓட்டுவது ஒன்றும் அதிசயம் இல்லை. காலைத் தூக்கிப் போடாமலே ஏறிக்கொள்ளலாம் என்பதால் புடவையோடுகூட ஓட்டலாம். காலை ஷிப்டுக்குப் போகும்போது ரோடு முழுக்க நாங்கள்தான். கம்பனி பஸ் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் நான் போய் கேன்டீனில் ரொட்டி சானாய் சாப்பிட்டு முடித்திருப்பேன். மழை வந்தால் பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நிற்போம், முன்பின் தெரியாதவர்களோடு கதை பேசுவோம். வாழ்க்கையில் யாருக்காகவும் காத்திருக்காமல் நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போனது அந்தச் சில வருடங்கள்தான்.

உன் அப்பாவுக்கு மோட்டர் ஓட்ட வராது. கூலாய் பக்கம் எஸ்டேட்டில் இருந்தபோது செம்மண் ரோட்டில் விழுந்து கால் முறிந்து, அதற்குப் பிறகு இரண்டு சக்கரத்தில் எதையும் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். அவர் வேலை செய்த ஹார்ட்வேர் கடை என் கம்பனிக்குப் போகும் வழியில் இருந்தது. கல்யாணமான மறுவாரமே பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். என் அண்ணன், உன் பெரிய மாமா, ஒருநாள் எல்லோர் முன்னாலும், "என்னா மாப்ள, பொண்டாட்டி முன்னால, நீங்க பின்னாலயா?" என்று சீண்டினார். உன் அப்பா கொஞ்சம்கூட அசரவில்லை. "முன்னால உக்காந்தா மூஞ்சில வெயிலு, வாயில பூச்சி. நான் என்ன பைத்தியமா மச்சான்?" என்றார். அண்ணனே சிரித்துவிட்டார். யார் கேட்டாலும், "வீட்ல அவங்கதான் டிரைவரு" என்று சொல்லுவார். அதில் அவருக்கு ஒரு பெருமைதான் இருந்தது, வெட்கம் இருந்து நான் பார்த்ததே இல்லை.

பெயிண்ட் கதை உனக்குத் தெரியும், ஆனால் அதன் தலைப்பகுதி தெரியாது. தீபாவளிக்கு முந்தின வாரம் நம் வரிசை வீடுகளில் எல்லோரும் கேட்டுக்கும் கிரில்லுக்கும் சில்வர் பெயிண்ட் அடிப்பார்கள் இல்லையா? எங்கள் முதல் தீபாவளிக்கு முந்தின நாள்தான் கேட்டை அடித்து முடித்தார், அப்போது டின்னில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்பாவுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. அதே பிரஷ்ஷோடு மோட்டர் பக்கம் திரும்பி எஞ்சினுக்கும் ஒரு பூச்சு பூசிவிட்டார். மறுநாள் தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத் துணி கட்டி, கோயிலுக்குக் கிளம்பினோம். பாதி வழியில் எஞ்சின் சூடேறி, கேட் பெயிண்ட் புகைய ஆரம்பித்துவிட்டது. வண்டி தீப்பிடித்துவிட்டது என்று நான் ஓரம் கட்டிக் குதித்துவிட்டேன். அவர் ரோட்டோரத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கோயிலுக்குள் போனபோது என் பட்டுப் புடவை முழுக்க பெயிண்ட் வாடை. "இனிமே அது பக்கம் பிரஷ்ஷ கொண்டு போனீங்க, பாத்துக்குங்க" என்று மிரட்டினேன். ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் பழைய பூச்சின்மேல் புதுப் பூச்சு ஏறிக்கொண்டேதான் இருந்தது. போல்ட்டு, நட்டு, எண்ணெய் ஊற்றும் மூடி என்று எதையும் விட்டுவைக்க மாட்டார். எண்ணெய் கசிந்தால் கசிவின்மேலேயே அடிப்பார்.

நீ பிறந்த பிறகு மூன்று பேர் மோட்டரில் போவது சரியில்லை என்று பழைய கார் ஒன்று வாங்கினோம். கார் சாயாது, அதனால் அப்பாவுக்கு அதில் பயம் இல்லை. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். நான் கம்பனி பஸ்ஸுக்கு மாறினேன். மோட்டர் போர்ச்சிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை அப்பா அதை ஸ்டார்ட் செய்து, உன்னை முன்னால் உட்காரவைத்து, ஆக்சிலேட்டரை முறுக்கிச் சத்தம் காட்டுவார். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, நீங்கள் இரண்டு பேரும் மேலே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வீர்கள். எடுப்பது நான். பாலர் பள்ளிக்குப் போகிற வயதில் ஒருநாள் நீ, "அப்பா, நீங்க இதுல ரொம்ப வேகமா போவீங்களா?" என்று கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லும்படி நான் தலையை ஆட்டினேன். "ம், பறப்பேன்" என்று உன்னிடம் சொன்னார். நீ தூங்கிய பிறகு, "சொல்லிடவா, அது ஒன்னோடதுன்னு?" என்று கேட்டார். "விடுங்க, புள்ள சந்தோஷமா இருக்கான்ல" என்றேன். பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல் அதைக் கொடுத்துவிட்டேன். நீ வளர்ந்து, சிங்கப்பூர் வேலைக்குத் தினமும் உன் பெரிய மோட்டரில் பாலம் தாண்டிப் போக ஆரம்பித்ததும், "அப்பா ரத்தம்" என்று சொல்லிக்கொண்டாய். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. எதற்குக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எஞ்சினை உற்றுப் பார்த்தேன். அப்பா போய் இரண்டு வருடமாக அதை நீயும் துடைக்கவில்லை, நானும் துடைக்கவில்லை. தொடவேண்டாம் என்று நீ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பெயிண்ட் பல இடங்களில் கொப்புளித்து எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் நிமிண்டினேன். பொருக்கு உடைந்து உள்ளிருந்து உப்பு மாதிரி வெள்ளைத் தூள் கொட்டியது. அந்தத் தடித்த பெயிண்டுக்கு அடியில் ஈரம் புகுந்து அலுமினியத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச வருடம் அப்படியே பத்திரமாக வைத்திருந்தால், பெயிண்ட் இருக்கும், உள்ளே எஞ்சின் இருக்காது.

மறுநாள் பக்கத்து வீட்டுச் செல்வியைக் கூப்பிட்டேன். என்னோடு கம்பனியில் ஒரே லைனில் வேலை பார்த்து ஒன்றாக ரிட்டையர் ஆனவள், உனக்கு அவள் கைமுறுக்கு மட்டும்தான் தெரியும். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள். "பேசாம மெக்கானிக்குகிட்ட குடுத்துடு லா. நமக்கு என்ன வயசு?" என்றாள். "எந்த ஸ்குரூவையாவது நாம கழட்டாம விட்டிருக்கோமா?" என்றேன். அவளுக்கு அது போதும். எண்ணெயை வடித்து, புகைக்குழாயைக் கழற்றி, செயினை எடுத்து, வயர்கள் எங்கெங்கே சொருகியிருக்கின்றன என்று போனில் படம் பிடித்துக்கொண்டு பிரித்தோம். அப்பா போல்ட்டுகளின்மேல் ஏற்றிவைத்திருந்த பெயிண்டில் ஸ்பேனரே பிடிக்கவில்லை. ஒவ்வொன்றின் தலையையும் கத்தியால் சீவிய பிறகுதான் திரும்பியது. "ஒன் வீட்டுக்காரர் பெயிண்ட் அடிச்சாரா, பசை போட்டு ஒட்டுனாரா?" என்று செல்வி திட்டிக்கொண்டே இருந்தாள். எஞ்சின் கையோடு வந்ததும், கோணியில் கிடத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சுவாங்க அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் குழாயடிக்குக் கொண்டுபோனோம்.

பெயிண்டைக் கரைக்கும் மருந்து தடவினால் தோல் மாதிரி சுருண்டு எழும்பும். அதைச் சுரண்ட வேண்டும், மறுபடி தடவ வேண்டும். எஞ்சின் தலையைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளுக்கு நடுவே பழைய டூத் பிரஷ். ஒரு வருடத்துப் பூச்சு உரிந்தால் அடியில் இன்னொரு வருடம். ஓரிடத்தில் அப்பாவின் பிரஷ்ஷிலிருந்து விழுந்த முடி ஒன்று பெயிண்டுக்குள் அப்படியே ஒட்டிக் கிடந்தது. கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டேன். செல்வி பார்த்துவிட்டு, "அடியில கண்ணுக்குத் தெரியாத எடத்துல கொஞ்சம் விட்டு வையேன். ஞாபகமா இருக்கட்டும்" என்றாள். நான் விடவில்லை. விட்ட இடத்திலிருந்து அரிப்பு மறுபடி ஆரம்பிக்கும். நீயும் நானும் அவர் அஸ்தியைக் கடலில் கரைத்தோம், ஒரு சிட்டிகை வீட்டில் இருக்கட்டும் என்று நீ கேட்கவில்லை. கரைக்கவேண்டியதை முழுசாகக் கரைக்க வேண்டும். அந்த முடியையும் சேர்த்துத்தான் சுரண்டினேன். மனம் கனத்தது என்பதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை.

புதுப் பெயிண்ட் அடித்ததில் நான் பண்ணின கூத்தைச் செல்வி கல்யாண வீட்டில் எல்லோரிடமும் சொல்லப்போகிறாள், அதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். வெயிலில் காயவைத்து, சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்து, ஓட்டைகளில் துணியை அடைத்து, தின்னரால் துடைத்து, எல்லாம் போனில் வீடியோ பார்த்துச் சுத்தமாகச் செய்தேன். அன்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிவிட்டு நல்ல காரியம் தொடங்குகிறோமே என்று சாமியறையிலிருந்து நேரே வந்து, எஞ்சினுக்குச் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டேன். பிறகு ஈரத் துணியால் பொட்டைத் துடைத்துவிட்டு, சூடு தாங்கும் ஸ்பிரே பெயிண்டை அடித்தேன். அழகாகப் படிந்தது, பொட்டு வைத்த இடத்தைத் தவிர. விளக்கேற்றியபோது விரலில் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு அலுமினியத்தில் ஏறிவிட்டது. பெயிண்ட் அங்கே மட்டும் ஒட்டாமல் வட்டமாக விலகி நின்றது. நெற்றியில் பொட்டு வைத்த மாதிரியே எஞ்சின் நடுவில் ஓர் ஓட்டை. செல்வி சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. "சாமிக்கு வைக்க வேண்டியத சாமிக்கு வச்சிருக்கலாம்ல. எஞ்சின் என்னடி கேட்டுச்சு?" என்றாள். மறுபடி முழுவதையும் தேய்த்து எடுத்து, இந்தத் தடவை சோப்பு போட்டுக் கை கழுவிக் கையுறை மாட்டிக்கொண்டு, மெல்லிசு மெல்லிசாக அடித்தோம். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே டீ குடித்தோம். ஒரே மூச்சில் தடிப்பாக அடித்தால் வழிந்துவிடும், பொறுமையாக அடித்தால் நிற்கும். குங்குமம் இப்போது ஹெட்லைட்டில் இருக்கிறது.

எஞ்சினை மாட்டிப் புது எண்ணெய் ஊற்றிய பிறகு, பெயிண்ட் இறுகுவதற்காகக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி ஓடவிட வேண்டும். நான்தான் உதைத்தேன். முதலில் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. மெல்லச் சூடேறியது. நான் பக்கத்தில் குனிந்து நின்று என்னை அறியாமல் மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுப் பெயிண்ட் வேறு மாதிரி மணந்தது. அந்தத் தீபாவளி வாடை வரவில்லை, இனிமேல் வரவும் வராது. அப்போதுதான் அழுதேன் தம்பி. உன் அப்பா போன அன்றுகூட வந்தவர்களுக்கு டீ கொடுக்கிற வேலையில் நின்று அழ எனக்கு நேரம் கிடைக்கவில்லை. செல்வி சுவிட்சை அணைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் அதை வெளியே எடுத்தேன். பதறாதே. லைசென்ஸை இத்தனை வருடமும் விடாமல் புதுப்பித்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன், எதற்கு என்று எனக்கே தெரியாமல். ரோடு டேக்ஸும் இன்சூரன்ஸும் எடுத்தாயிற்று. பிரேக்கையும் டயரையும் மட்டும் மெக்கானிக்கிடம் காட்டி மாற்றிக்கொண்டேன். முதலில் நம் தாமானில் வீட்டு வரிசைகளுக்குள்ளேயே சுற்றினேன். கியர் மாற்றும்போது மனசு யோசிப்பதற்குள் கால் அழுத்திவிடுகிறது. பிறகு மார்க்கெட் வரை போய் மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். மீன் கடைக்காரர், "அலமாக், ஆன்ட்டி, இந்த மோட்டர் இன்னும் ஓடுதா?" என்றார். திரும்பி வரும்போது பின்சீட்டு காலியாக இருந்தது தெரிந்துகொண்டேதான் இருந்தது. ஆனாலும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை உனக்கு எப்படிச் சொல்வது? அப்பா இறந்த பிறகு இந்த வீட்டில் எல்லாமே வைத்தது வைத்தபடி இருந்தன, என்னையும் சேர்த்து.

நீ அப்பாமேல் வைத்திருக்கிற பாசத்தில் நான் கைவைக்கவில்லை. அவரை நான் உன்னைவிட அதிக வருடம் நேசித்தவள். அதனால்தான் சொல்கிறேன், பறக்கிற அப்பா ஒருவரை உனக்காக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்து கொடுத்தோம். நிஜமான அப்பா அவரைவிடப் பெரிய ஆள். ஊரே பார்க்க மனைவிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கேலி செய்தவனைச் சிரிக்கவைத்துவிட்டுப் போனவர். நீ அவர் மாதிரி இருக்கவேண்டும் என்று நினைத்தால் அதில் இரு. நாளைக்கு யாழினியிடம் யாராவது ஏதாவது கேட்டால், நீ முந்திக்கொண்டு பதில் சொல்லாதே. உனக்குத் தெரிந்த பதிலாகவே இருந்தாலும் அவள் வாயிலிருந்து வரட்டும். நீ சொல்கிற பதில் தப்பாக இருந்தால், அவள் சபையில் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து இருட்டில் உட்கார்ந்திருப்பாள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் மருமகளுக்கு அது வேண்டாம்.

சனிக்கிழமை வந்து பார். கோபம் வந்தால் கோபப்படு, நான் தாங்குவேன். பிறகு உட்கார்ந்து சாப்பிடு, மீன் குழம்பு வைக்கிறேன். அப்பா படத்தை மண்டப வாசலில் வை, அதற்குப் பெரிய மாலையாகவே போடு, அவருக்கு அது தகும். மோட்டரும் பக்கத்தில் நிற்கட்டும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். லோரிக்கு மட்டும் சொல்லிவிடாதே. மாசாயிலிருந்து பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் மண்டபம் என்ன பெரிய தூரம், நானே ஓட்டி வருகிறேன், பட்டுப் புடவையோடு. வண்டிக்கு மாலை போடாதே தம்பி. நான் அப்போதுதான் வந்து இறங்கியிருப்பேன், எஞ்சின் சூடாக இருக்கும்.

அம்மா